பூனை நன்றி கெட்டதா? அட போங்கப்பா!

"நாய் நன்றியுள்ள பிராணி." மூணாம் கிளாஸ்ல நாம எல்லாருமே எழுதின வாக்கியம் இது. அதே நோட்டுல பூனைக்கு என்ன எழுதினோம்? "பூனை எலியைப் பிடிக்கும். பால் குடிக்கும்." அவ்வளவுதான். ஒரு நல்ல குணம்கூட வாத்தியார் சொல்லித் தரல. :-)

பழமொழிகளைப் பாருங்க. இந்தப் பூனையும் பால் குடிக்குமா, மதில் மேல் பூனை, பூனை கண்ணை மூடிட்டா உலகம் இருண்டுடும். ஒண்ணு திருட்டுத்தனம், ஒண்ணு ரெட்டை மனசு, ஒண்ணு முட்டாள்தனம். இது போதாதுன்னு, வெளியே கிளம்பறப்ப அது பாட்டுக்கு அதோட வேலையா ரோட்டைக் கடந்தா, நாம திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறோம். நாம குறுக்கே போனதால அந்தப் பூனைக்கு என்னென்ன ஆச்சுன்னு எவனாவது யோசிச்சிருக்கானா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். பூனை வளர்க்கிறேன்னு சொன்னா உடனே வர்ற டயலாக் ஒண்ணு இருக்கு. "பூனையா? அது வீட்டைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காதுப்பா. நன்றி கெட்ட ஜென்மம்." இந்தக் குற்றச்சாட்டைத்தான் இந்தப் பதிவுல கொஞ்சம் பிரிச்சு மேயலாம்னு இருக்கேன். ஏன்னா மனுஷனுக்கும் பூனைக்கும் நடுவுல இருக்கிற கொடுக்கல் வாங்கலை முதல்லேர்ந்து கணக்குப் போட்டா, கடன்காரன் யாருங்கிறது தலைகீழா மாறிடுது.

*

முதல்ல, பூனை எப்படி நம்மகிட்ட வந்துச்சு?

நாய் வந்த கதை வேற. நாம விவசாயம் பண்ணக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே, வேட்டையாடித் திரிஞ்ச காலத்துலயே, ஓநாய்க் கூட்டத்துலேர்ந்து பிரிஞ்சு வந்தது அது. கூட்டமா வாழற மிருகம், ஒரு தலைவன் பின்னாடி போற பழக்கம் அதுக்கு ஏற்கனவே இருந்தது. தலைவன் இடத்துல மனுஷன் போய் உட்கார்ந்துகிட்டான்.

பூனையோட முன்னோர், ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைன்னு சொல்ற இனம். விலங்கியல் பேரு ஃபெலிஸ் லிபிகா. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பக்கம் தனியா வேட்டையாடித் தனியா வாழற ஜீவன். அதுக்குத் தலைவனும் கிடையாது, தொண்டனும் கிடையாது. மனுஷன் விவசாயம் ஆரம்பிச்சு தானியத்தைச் சேர்த்து வைக்க ஆரம்பிச்சதும், தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி பூனை வந்தது. யாரும் கயிறு கட்டி இழுத்துட்டு வரல. களஞ்சியத்துல எலி குறைஞ்சது நமக்கு லாபம், அலையாம சாப்பாடு கிடைச்சது அதுக்கு லாபம். ஆளைப் பார்த்து மிரளாத பூனைகள் தங்கிச்சு, மிரண்டதெல்லாம் காட்டுக்கே போயிடுச்சு. வீட்டு விலங்கா மாறினதுல பெரும்பங்கு வேலையை அதுவே பார்த்துக்கிச்சுன்னுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.

சைப்ரஸ் தீவுல ஷில்லூரோகம்போஸ்னு ஒரு இடம். அங்கே சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனுஷனோட கல்லறையைத் தோண்டினாங்க. சிப்பி, கல் கருவின்னு மரியாதையா எல்லாம் வச்சுப் புதைச்சிருந்தாங்க. அதுலேர்ந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு சின்னக் குழி. அதுக்குள்ள எட்டு மாசப் பூனை ஒண்ணு. ழான் டெனி வீன்யு என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரோட குழு 2004ல இதை வெளியிட்டாங்க. சைப்ரஸ்ல இயற்கையாவே காட்டுப்பூனை கிடையாது. அப்படின்னா எவனோ ஒருத்தன் அதைப் படகுல ஏத்திக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கான். போற இடத்துக்கெல்லாம் பூனையைத் தூக்கிட்டுப் போற பழக்கம் அப்பவே ஆரம்பிச்சாச்சு. இந்தப் படகு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஆனா அந்த சைப்ரஸ் பூனைதான் இன்னைக்கு நம்ம வீட்டு சோபாவைக் கிழிக்கிற பூனையோட கொள்ளுப்பாட்டியான்னு கேட்டா, அங்கேதான் சிக்கல். 2025 நவம்பர்ல சயின்ஸ் இதழ்ல ஒரு மரபணு ஆய்வு வந்தது. ஐரோப்பாவுக்கு வீட்டுப்பூனை வந்ததே சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடிதான், அதுவும் வட ஆப்பிரிக்காவுலேர்ந்துதான்னு அது சொல்லுது. முதல் விவசாயிகளோடயே பூனையும் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்ததுங்கிற பழைய கணக்கு இதனால ஆட்டம் கண்டிருக்கு. சீனாவுல இன்னும் வேடிக்கை. அங்கே 5,300 வருஷத்துக்கு முன்னாடி கிராமத்துல எலி பிடிச்சிட்டு இருந்தது நம்ம பூனை இனமே இல்லையாம், சிறுத்தைப்பூனையாம்! நம்ம ஊர்க் காடுகள்லயும் இருக்கே, அதே இனம். பல ஆயிரம் வருஷம் ஊரோரமா இருந்துட்டு, கடைசி வரைக்கும் வீட்டுப்பூனை ஆகாம காட்டோடயே நின்னுடுச்சு.

இதுலேர்ந்து எனக்குப் புரியறது ஒண்ணுதான். பூனை நம்மகிட்ட வேலைக்குச் சேரல. பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தது. வேலைக்காரன்கிட்ட எதிர்பார்க்கிற விசுவாசத்தைப் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட எதிர்பார்க்கலாமா?

*

அடுத்து எகிப்து. பூனைன்னாலே எல்லாரும் உடனே தொடற சப்ஜெக்ட். பாஸ்டெட் என்ற பூனைத்தலைத் தெய்வம், புபாஸ்டிஸ் நகரத்துல அதுக்குக் கோயில், திருவிழா. வீட்டுப்பூனை செத்தா அந்த வீட்டுக்காரங்க புருவத்தை மழிச்சுத் துக்கம் காப்பாங்கன்னு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்கார். டியோடரஸ்னு இன்னொருத்தர், கிமு முதல் நூற்றாண்டுல எகிப்துக்குப் போனவர். தெரியாம ஒரு பூனையைக் கொன்ன ரோமானியனை ஜனங்க அடிச்சே கொன்னுட்டாங்க, ராஜா அனுப்பின அதிகாரிகளாலகூடக் காப்பாத்த முடியலன்னு எழுதியிருக்கார்.

ஆஹா, பூனைகளோட பொற்காலம்னு தோணுதா? பொறுங்க. அதே எகிப்துல பிற்காலத்துல கோயிலுக்குக் காணிக்கையா பூனை மம்மி வாங்கி வைக்கிற வழக்கம் பெருசா வளர்ந்தது. அத்தனை மம்மிக்குப் பூனை எங்கேர்ந்து வந்துச்சு? அந்த மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா நிறைய வயசு ஆகாத குட்டிகள், கழுத்து முறிஞ்சிருக்கு. அதுக்குன்னே வளர்த்து, அதுக்குன்னே கொன்னிருக்காங்க. வீட்ல செத்தா புருவத்தை எடுக்கறாங்க, கோயில் வாசல்ல கழுத்தைத் திருகி விக்கறாங்க. ரெண்டும் ஒரே நாடு, ஒரே பக்தி!

கொடுமை அதோட முடியல. 1888ல பெனி ஹசன் பக்கத்துல லட்சக்கணக்குல பூனை மம்மி புதைச்சிருந்த குழி கிடைச்சது. அதுல சுமார் 19 டன், கிட்டத்தட்ட 1,80,000 பூனைகள்னு கணக்கு, கப்பல்ல ஏத்தி 1890ல இங்கிலாந்து லிவர்பூலுக்குக் கொண்டு போய் ஏலம் விட்டாங்க. எதுக்கு? வயலுக்கு உரம் போட! தெய்வத்துக்குக் காணிக்கையானது கடைசில டன் கணக்குல எருவாப் போயிடுச்சு.

*

ஐரோப்பாவைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மின்னஞ்சல்லயும் வாட்ஸப்லயும் ஒரு கதை ரொம்ப வருஷமா சுத்திட்டு இருக்கு. "போப்பாண்டவர் பூனைகளைக் கொல்லச் சொன்னார், எல்லாப் பூனையும் செத்துச்சு, எலி பெருகி பிளேக் வந்து பாதி ஐரோப்பா அழிஞ்சது"ன்னு. படிக்க ஜோரா இருக்கும். ஆனா போப் ஒன்பதாம் கிரகோரி 1233ல அனுப்பின அந்தக் கடிதம், ஜெர்மனியில சாத்தானைக் கும்பிடுற ஒரு கூட்டம் இருக்கறதாவும் அவங்க சடங்குல ஒரு கறுப்புப் பூனை வர்றதாவும் சொல்லுதே தவிர, பூனைகளைக் கொல்லுங்கன்னு எங்கேயும் உத்தரவு போடல. பிளேக் ஐரோப்பாவுக்கு வந்தது அதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1347ல. பூனை ஒழிஞ்சதாலதான் பிளேக் வந்ததுங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. அடுத்த தடவை ஃபார்வர்ட் வந்தா அங்கேயே நிறுத்திடுங்க, புண்ணியமாப் போகும்.

அதுக்காக ஐரோப்பா பூனைக்கு நல்ல இடமா இருந்ததுன்னு அர்த்தமில்ல. பெல்ஜியத்துல ஈப்பர் என்ற ஊர்ல மணிக்கூண்டு உச்சிலேர்ந்து உயிரோட பூனைகளை வீசி எறியற திருவிழா நடந்திருக்கு. கடைசியா உயிருள்ள பூனையை எறிஞ்சது 1817ல. இப்பவும் திருவிழா நடக்குது, பொம்மைப் பூனைதான் எறியறாங்க. ஏன் எறிஞ்சாங்கன்னு அந்த ஊர்ல சொல்ற விளக்கங்கள்ல ஒண்ணைக் கேளுங்க. குளிர்காலம் முழுக்கக் கிடங்குல கம்பளியைச் சேர்த்து வைப்பாங்களாம், எலி கடிக்காம இருக்கப் பூனை வளர்ப்பாங்களாம். வசந்த காலத்துல சரக்கு வித்ததும், இனிமே எதுக்குப் பூனைன்னு மேலேர்ந்து தூக்கிப் போட்டுடுவாங்களாம். இதுல யாரு நன்றி கெட்டவன்?

பாரிஸ்ல 1730களோட கடைசியில நடந்தது ஒண்ணு. ஒரு அச்சகத்துல வேலை பார்த்த பையன்களுக்கு முதலாளி வீட்டு மிச்சம் மீதிதான் சாப்பாடு. முதலாளியம்மாவோட செல்லப் பூனைக்கு அதைவிட நல்ல சாப்பாடு. ராத்திரி பூரா பூனைச் சத்தம் வேற. கடுப்பான பையன்கள் அந்தத் தெருப் பூனைகளை எல்லாம் பிடிச்சு, விசாரணை மாதிரி நாடகம் போட்டு, தூக்குல தொங்க விட்டுச் சிரிச்சிருக்காங்க. ராபர்ட் டார்ன்டன் என்ற வரலாற்றாசிரியர் 1984ல இதை வச்சு ஒரு புகழ்பெற்ற புத்தகமே எழுதினார். முதலாளி மேல கை வைக்க முடியல, அவர் பூனை மேல வச்சாங்கங்கிறதுதான் விஷயம். அந்தப் பையன்களோட பசி எனக்கும் புரியுது. ஆனா செத்தது பூனை.

*

நம்ம ஊரு மட்டும் சும்மாவா? மாமல்லபுரம் போனவங்க அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீங்க. யானைக்குப் பக்கத்துல ஒரு பூனை, பின்னங்கால்ல நின்னு முன்னங்காலைத் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணும். சுத்தி எலிகள். மகாபாரதத்துல வர்ற போலிச் சாமியார்ப் பூனை கதைதான் அது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கினது. அதாவது 1,300 வருஷத்துக்கு முன்னாடியே பூனையை ஃபிராடுன்னு கல்வெட்டு மாதிரிக் கல்லுல அடிச்சு வச்சாச்சு. :-)

ஆனா அதே தமிழ்நாட்டுல பூனைக்கு உச்சபட்ச மரியாதையும் கிடைச்சிருக்கு. வைணவத்துல மார்ஜார நியாயம், மர்க்கட நியாயம்னு ரெண்டு உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கணும். பூனைக்குட்டி ஒண்ணுமே பண்ண வேணாம், தாயே வாயால கவ்விப் பத்திரமா தூக்கிட்டுப் போயிடும். பகவானோட அருளும் பூனைத்தாய் மாதிரிதான்னு சொல்றது தென்கலை. ஒரு பூனை தன் குட்டியைக் கவ்விட்டு இடம் மாத்தறதைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்குத்தான் இந்த உவமை தோணியிருக்கும். அன்பில்லாத ஜென்மம்னு சொல்றவங்க கொஞ்சம் இதையும் யோசிங்க.

*

இப்போ அந்தப் படகு விஷயம். சைப்ரஸ்ல ஆரம்பிச்சது, அப்புறம் உலகத்துல இருக்கிற எல்லாக் கடலுக்கும் பரவிடுச்சு. எலியில்லாத கப்பல் கிடையாது, அதனால பூனையில்லாத கப்பலும் அபூர்வம்.

ஷாக்கில்டனோட அண்டார்டிகா பயணத்துல, 1914ல கிளம்பின எண்டூரன்ஸ் கப்பல்ல, தச்சர் மெக்னிஷ் ஒரு பூனை வச்சிருந்தார். பேரு மிசஸ் சிப்பி. பேருதான் மிசஸ், ஆள் கடுவன் பூனை. 1915ல கப்பல் பனியில சிக்கி நொறுங்கினதும், இனிமே தூக்கிச் சுமக்க முடியாதுன்னு பூனையையும் சில நாய்களையும் சுடச் சொல்லி உத்தரவு போட்டார் ஷாக்கில்டன். அந்த நிலைமையில வேற வழி இருந்திருக்காதுங்கிறதை ஒத்துக்கறேன். ஆனா மெக்னிஷ் கடைசி வரைக்கும் மன்னிக்கல. நியூசிலாந்துல இருக்கிற அவரோட கல்லறை மேல 2004ல ஒரு வெண்கலப் பூனையைப் படுக்க வச்சிருக்காங்க.

இதைவிடப் பெரிய கணக்கு மேரியன் தீவு. இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான தீவு. வானிலை நிலையத்துல சுண்டெலித் தொல்லைன்னு 1949ல அஞ்சே அஞ்சு பூனையைக் கொண்டு போனாங்க. 1970களோட நடுவுல அது ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. தரையில வளை தோண்டிக் கூடு கட்டுற கடற்பறவைகளை வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல கொன்னு தின்னுச்சு. அப்புறம்? பூனைகளுக்கு நோய்க் கிருமியைப் பரப்பினாங்க, ராத்திரில விளக்கடிச்சுச் சுட்டாங்க, கண்ணி வச்சாங்க. 1991ல கடைசிப் பூனையும் ஒழிஞ்சது. கதை முடிஞ்சுதா? இல்ல. எலி பெருகிடுச்சு. இப்போ அந்த எலிகள் உயிரோட இருக்கிற ஆல்பட்ராஸ் பறவைகளையே கடிச்சுத் தின்னுதுங்க.

பறவை ஆர்வலர்கள் பூனை மேல கோபப்படறதுல நியாயம் இருக்கு. நான் பூனைக் கட்சிங்கறதுக்காக அதை மறைக்கப் போறதில்ல. தீவுகள்ல பல பறவை இனம் அழிஞ்சதுக்குப் பூனை ஒரு முக்கியக் காரணம். ஆனா நீச்சலடிச்சா போச்சு அந்தப் பூனை? டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யாரு? எலியைக் கொண்டு போனது நாம, எலிக்குப் பூனையைக் கொண்டு போனது நாம, பூனைக்குத் துப்பாக்கியைக் கொண்டு போனதும் நாமதான்.

*

சரி, "ஆனாலும் அதுக்குப் பாசம் கிடையாதே"ன்னு கேட்கிறவங்களுக்கு ரெண்டே விஷயம்.

ஒண்ணு, வளர்ந்த பூனைகள் தங்களுக்குள்ள 'மியாவ்'னு பேசிக்கிறது ரொம்ப அபூர்வம். குட்டி தாய்கிட்ட கத்தும், அவ்வளவுதான். வளர்ந்தப்புறமும் மியாவ்னு கத்தறது பெரும்பாலும் மனுஷன்கிட்ட மட்டும்தான். நமக்குன்னு தனியா ஒரு பாஷை வச்சிருக்கு.

ரெண்டு, 2019ல அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழகம் ஒண்ணுல, சின்னக் குழந்தைகளுக்கும் தாய்க்கும் இருக்கிற பிணைப்பைச் சோதிக்கிற அதே முறையில பூனைகளைச் சோதிச்சாங்க. வளர்க்கிறவங்க வெளியே போய்த் திரும்பி வந்ததும் நிம்மதியாகிப் பழையபடி விளையாடப் போன பூனைகள் கிட்டத்தட்ட 65 சதவீதம். மனுஷக் குழந்தைகள்லயும் ஏறக்குறைய அதே அளவுதான். நாய் மாதிரி வாலாட்டிக் காட்டாததால, இல்லைன்னு முடிவு கட்டிட்டோம்.

*

இவ்வளவு பழங்கதை பேசினது எதுக்குன்னா, இன்னைக்கு நம்ம தெருவுல நடக்கிறதும் அதேதான்.

எலி வந்தா பூனை வேணும். அரிசி மண்டியிலும் மளிகைக் கடையிலும் அதுக்கு மரியாதை. குட்டி போட்டுட்டா? சாக்குல கட்டி, வழி தெரியக் கூடாதுன்னு வண்டியில நாலு சுத்து சுத்தி, மீன் மார்க்கெட் ஓரத்துல விட்டுட்டு வர்றோம். "அங்கே மீன் கிடைக்கும், பொழைச்சுக்கும்" என்று மனசைத் தேத்திக்கறோம். கண்ணே திறக்காத குட்டிக்கு மீன் கிடைச்சு என்ன பண்ண? ஈப்பர் ஊர்க்காரன் மணிக்கூண்டுலேர்ந்து எறிஞ்சான், நாம டூவீலர்லேர்ந்து இறக்கி விடறோம். வித்தியாசம் உயரம் மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்லுது? மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. வளர்த்த பிராணியைப் பசியிலயும் தாகத்துலயும் துடிக்கிற மாதிரி கைவிடறது குற்றம். முதல் தடவைன்னா அபராதம் 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும். ஆமாங்க, சரியாத்தான் படிச்சீங்க, அம்பது ரூபாய். ஓட்டல்ல ஒரு மசால்தோசை வராது.

இன்னொரு பக்கம் பாசக்காரங்க. பாலும் தயிர்சாதமும் போட்டு வளர்க்கிறோம்னு பெருமையா சொல்வாங்க. மனசு தங்கம்தான், ஆனா பூனை சுத்த மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்து அதோட உடம்புல போதுமான அளவு உற்பத்தி ஆகாது, மாமிசத்துலேர்ந்துதான் கிடைக்கணும். அது இல்லைன்னா கண் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். வளர்ந்த பூனைகள் பலதுக்குப் பாலும் சேராது, வயித்தால போகும். வீட்ல மீன், முட்டை, கறி நுழையக் கூடாதுன்னா அது உங்க உரிமை. அப்போ கடையில விக்கிற பூனைத் தீனியாவது வாங்கிப் போடுங்க. அதுவும் முடியாதுன்னா முயல் வளர்க்கலாமே.

என் கட்சி இதுதான். பூனை கூப்பிடாம வந்ததுதான், ஒத்துக்கறேன். ஆனா வந்ததுக்கப்புறம் படகுல ஏத்தினது, சாமியாக்கினது, சாத்தானாக்கினது, தீவுக்குத் தீவு இறக்கி விட்டது எல்லாமே நாம. களஞ்சியத்தைக் காவல் காத்ததோட அதோட பங்கு முடிஞ்சது. மிச்சம் இருக்கிறது நம்ம பங்கு.

அதைச் செய்யறது ஒண்ணும் பெரிய கம்பசூத்திரம் இல்ல. நாலு மாசத்துலயே பூனை சினைப்பிடிக்கலாம், ரெண்டு மாசத்துக்குச் சற்று அதிகமா சுமந்து குட்டி போட்டுடும், வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈத்து. அதனால கருத்தடை ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. தெருப்பூனைக்குச் சோறு வைக்கிற புண்ணியவான்களும் ரெண்டு வீட்டுக்காரங்களா சேர்ந்து அதையும் பண்ணி விடுங்க. இல்லைன்னா சோறு வைக்கிறதே அடுத்த சாக்குக்குக் குட்டி சேர்க்கிற மாதிரி ஆயிடும். ராத்திரிலயாவது பூனையை வீட்டுக்குள்ள வைங்க, பறவையும் பொழைக்கும், வண்டியில அடிபடாம பூனையும் பொழைக்கும். முடியாதுன்னு முதல்லயே தெரிஞ்சா, குழந்தை ஆசைப்படுதேன்னு குட்டியைத் தூக்கிட்டு வராதீங்க. தயவுசெய்து.

இதெல்லாம் பண்ணி முடிச்சிட்டு அப்புறம் உட்கார்ந்து பேசலாம், பூனைக்கு நன்றி இருக்கா இல்லையான்னு.

டிஸ்கி: இதை டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள கீபோர்டு மேல ஒருத்தர் நாலு தடவை நடந்து போயிட்டார். எழுத்துப்பிழை எதுவும் இருந்தா அவரைக் கேளுங்க. பதில் சொல்ல மாட்டார். நன்றி கெட்டவர்! :-)